அம்னியோசென்டெசிஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

கர்ப்பிணிக்கு டாக்டர் கொடுத்த சீட்டில் 'அம்னியோசென்டெசிஸ்' என்று எழுதியிருந்தால், பெயரைப் பார்த்ததுமே பலருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். பிரித்தால் இரண்டே கிரேக்கச் சொற்கள்தான். 'அம்னியான்' என்பது கருவைச் சுற்றியிருக்கும் சவ்வுப் பை. பலியிட்ட விலங்கின் இரத்தத்தைப் பிடிக்கும் கிண்ணத்துக்கும் பழைய கிரேக்கத்தில் அதே சொல் வழங்கியது. 'கென்டெசிஸ்' என்றால் குத்துதல். வட்டம் போடக் காம்பஸ் முனையைக் குத்துகிறோமே, அந்த 'சென்டர்' கூட இதே வேரில் வந்ததுதான்.

அந்தப் பைக்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. பனிக்குடம், சிலர் வாயில் பன்னீர்க்குடம். 'பனிக்குடத் துளைப்பு' என்று பெயர்த்தால் கிரேக்கச் சொல்லுக்குச் சரியாகவே இருக்கும், ஆனால் "பனிக்குடம் உடைஞ்சிருச்சு" என்றால் பிரசவத்துக்கு ஓடிப் பழகியவர்கள் நாம், துளைப்பு என்று கேட்ட அம்மாவுக்கு எப்படி இருக்கும்? 'பனிக்குட நீரெடுப்பு' என்பதே என் தேர்வு. நடப்பதும் அதுதான்: ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியை இறக்கிக் கொஞ்சம் நீரை எடுக்கிறார்கள்.

எதற்கு? காரணங்கள் பல, முன்பு முக்கியமாக இருந்த ஒன்றைச் சொல்கிறேன். அம்மா இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்று வையுங்கள். அம்மா உடலில் ஏற்கெனவே அந்த இரத்தத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாகியிருந்தால் அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும், குழந்தைக்கு இரத்தசோகை வரும். உடைந்த அணுக்களிலிருந்து வரும் பிலிரூபின் பனிக்குட நீரில் கலந்து அதை மஞ்சளாக்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி என்ற மருத்துவர் 1961இல் அந்த மஞ்சளைத்தான் 450 நானோமீட்டர் ஒளியில் அளந்து, சோகையின் கடுமையை மூன்று மண்டலங்களாகப் பிரித்தார். வெளிச்சம் பட்டால் பிலிரூபின் சிதைந்து அளவு குறைந்துவிடும், அதனால் எடுத்த நீரை உடனே வெளிச்சம் படாமல் மூடி வைத்தார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஊசி குத்தும்போது குழந்தையின் இரத்தம் அம்மாவின் இரத்தத்தில் கலந்தால் எதிர்ப்பொருள் இன்னும் ஏறலாம், அதாவது நோயைப் பார்க்கப் போய் நோயை வளர்த்ததாகிவிடும். அதனால் 2000இல் ஜியான்கார்லோ மாரியும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட டாப்ளர் முறை, அதாவது ஸ்கேனிலேயே இரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் முறை, பெரிய ஆறுதல். சோகை வந்தால் இரத்தம் நீர்த்துப்போகும், இதயமும் கூடுதலாக இறைக்கும், மூளைக்குப் போகும் நடுத்தமனியில் ஓட்டம் வேகமெடுக்கும். அந்த வேகம் கர்ப்பத்தின் அந்த வாரத்துக்குரிய நடு அளவைப்போல் 1.5 மடங்கைத் தாண்டினால் மிதமான அல்லது கடுமையான சோகை என்று சந்தேகிக்கிறார்கள். ஊசியே வேண்டாம். 'மூளைத்தமனி வேகச் சோதனை' என்று நான் சொல்வேன்.

அது சோகையைக் காட்டினால் அப்புறம் ஊசி வரும், ஆனால் பனிக்குட நீருக்காக அல்ல. தொப்புள்கொடி நாளத்தில் குத்திக் குழந்தையின் இரத்தத்தையே எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் அதே ஊசி வழியாக இரத்தம் ஏற்றுவார்கள். கார்டோசென்டெசிஸ். வாலில் அதே 'குத்துதல்'தான், தமிழில் 'தொப்புள்கொடி இரத்தமெடுப்பு' என்றால் போதும்.