வலைப்பூவின் பக்கம் எங்கே இருக்கிறது?

வலைப்பூவில் வெளியிட்ட கட்டுரை வழங்கிக் கணினியில் ஒரு கோப்பாகக் கிடக்கிறது என்றும், வாசகர் கேட்டதும் அது அப்படியே அனுப்பப்படுகிறது என்றும் பலர் எண்ணுகிறார்கள். 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் இயங்கும் தளங்களில் நடப்பது வேறு. கட்டுரையின் உரை தரவுத்தளத்தின் ஓர் அட்டவணையில் ஒரு வரிசையாக இருக்கிறது. தளத்தின் பெயரும் அமைப்புகளும் இன்னோர் அட்டவணையில், பகுப்புகள் வேறொன்றில், படங்கள் மட்டும் தனிக் கோப்புறையில் இருக்கின்றன. வாசகரின் உலாவி முகவரியைக் கேட்கும்போதுதான் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் எழுதிய நிரல் வழங்கியில் இயங்கத் தொடங்கி, தரவுத்தளத்திலிருந்து இவற்றையெல்லாம் திரட்டி, தளத்தின் தோற்றத்தை வகுக்கும் தீமின் அமைப்புக்குள் பொருத்தி ஒரு பக்கத்தை உண்டாக்குகிறது. அனுப்பி முடிந்ததும் அந்தப் பக்கம் எங்கும் எஞ்சுவதில்லை. அடுத்தவர் கேட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து நடக்கும். தளத்தை நடத்துபவர்களுக்குத் தலைவலி தரும் சிக்கல்களில் பலவும் இந்த ஏற்பாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் ஏராளமானோர் திறந்தால், ஒரே வேலையை வழங்கி அத்தனை முறையும் செய்ய வேண்டியிருக்கும். இதற்கு மாற்றாக வந்ததே கேஷ் என்னும் சேமிப்பு. முதல் வாசகருக்காக உருவான பக்கத்தை நிரல் ஒரு கோப்பாக எழுதி வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வருபவர்களுக்குத் தரவுத்தளத்தைத் தொடாமலே அதைக் கொடுக்கிறது. வேகம் கூடும், ஆனால் பழைய நகல் தங்கிவிடும் ஆபத்தும் கூடவே வரும். தலைப்பில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்திய ஆசிரியருக்குத் திருத்தம் உடனே தெரிகிறது. வாசகர்களோ பழைய பிழையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உள்நுழைந்திருப்பவருக்குக் கேஷ் நகலைக் காட்டாமல் பக்கத்தைப் புதிதாக உருவாக்கித் தரும்படியே, கேஷ் வேலையைச் செய்யும் செருகுநிரல்கள் (கூடுதல் வசதிக்காகத் தளத்தில் சேர்க்கும் சிறு நிரல்கள்) பெரும்பாலும் அமைக்கப்பட்டிருப்பது இதற்குக் காரணம். எனவே திருத்தியதைச் சரிபார்க்க, உள்நுழையாத தனிச் சாளரம் ஒன்றில் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே முறை. வழங்கியில் ஒரு நகல், இடையில் சி.டி.என். சேவை (வாசகருக்கு அருகிலுள்ள கணினிகளிலிருந்து நகல்களை வழங்குவது) இருந்தால் அங்கே ஒரு நகல், வாசகரின் உலாவியில் ஒரு நகல் என மூன்று இடங்களில் பழையது தங்கக்கூடும் என்பதால், வாசகருக்கு நெருக்கமான நகலை நீக்கும் முன் வழங்கியில் இருப்பதை நீக்க வேண்டும். வரிசை மாறினால் பழைய நகலே மீண்டும் போய் அமர்ந்துகொள்ளும்.

காலை ஆறு மணிக்கு வெளியாகும்படி குறித்து வைத்த பதிவு ஒன்பது மணிக்கு வெளியாவதும் இதே ஏற்பாட்டின் விளைவுதான். வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கென்று தனியாக ஓடும் கடிகாரம் கிடையாது. யாராவது ஒரு பக்கத்தைக் கேட்கும்போதுதான், செய்ய வேண்டிய வேலை ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று அது பார்க்கிறது. வாசகர் வரவு குறைந்த தளத்தில் அப்படிக் கேட்க ஆளில்லை. கேஷ் நகல் மட்டுமே பரிமாறப்படும் தளத்தில் ஆளிருந்தும் நிரல் இயங்காமல் போகலாம். தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் கணக்கில் உள்ள, குறித்த நேரங்களில் வேலைகளை இயக்கும் கிரான் வசதியைக் கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்தச் சரிபார்ப்பை இயக்கும்படி அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

படங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 4000-க்கு 3000 புள்ளிகள் கொண்ட ஒளிப்படத்தை 800 புள்ளி அகலத்தில் காட்டுவதற்காக அனுப்பினால், தேவையானதைப் போல 25 மடங்கு புள்ளிகளை வாசகரின் கைப்பேசி இறக்கிக்கொள்கிறது. பதிவேற்றும் முன்பே சுருக்கிவிடுவது நல்லது. செருகுநிரல்களில் கூடுதல் கண்டிப்பு வேண்டும். ஒவ்வொரு செருகுநிரலும் முதன்மை நிரலுக்கு உள்ள அதே உரிமையோடு தரவுத்தளத்தைத் தொடுவதால், சிறிய ஒன்றில் இருக்கும் ஓட்டை முழுத் தளத்துக்கும் வாசலாகும். முடக்கி வைத்தாலும் அதன் கோப்புகள் வழங்கியில் இருக்கத்தான் செய்கின்றன என்பதால், பயன்படுத்தாததை அழித்துவிடுவதே சரி.

தமிழில் எழுதுபவர்கள் தனியே கவனிக்க வேண்டியது பதிவின் முகவரி. எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்துகளாக விரிகிறது. ‘மழைக்காலம்’ என்ற சொல்லில், உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணினால், 10 குறியீடுகள் உள்ளன. அவை 30 பைட்டுகளாகி, முகவரியில் 90 எழுத்துகளாக நீள்கின்றன. வேர்ட்பிரஸ் பதிவின் முகவரிப் பெயருக்கு ஒதுக்கியிருப்பதோ 200 எழுத்துகள். ஆகவே 22 குறியீடுகளுக்கு மேல் இடமில்லை, மூன்றாவது சொல் பாதியிலேயே வெட்டுப்படும். வெளியிடுவதற்கு முன்பே சுருக்கமான முகவரியைக் கையால் எழுதிக்கொள்வதே இதற்கு வழி. பின்னால் மாற்றினால் பிறர் கொடுத்த இணைப்புகள் அறுந்து, பக்கம் இல்லை என்னும் 404 பிழையில் முடியக்கூடும். தளம் வேறு டொமைனுக்கு மாறும்போது பழைய முகவரி ஒவ்வொன்றும் தனக்குரிய புதிய பக்கத்துக்கு 301 என்ற நிரந்தர வழிமாற்றால் சென்று சேர வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய்விடுவது வாசகரை நடுவழியில் இறக்கிவிடுவதற்குச் சமம்.

பக்கம் என்று ஒன்று நிலையாக இல்லை என்பதால், காப்புப்பிரதி எடுக்கும்போது தரவுத்தளம், பதிவேற்றக் கோப்புறை இரண்டையும் சேர்த்தே எடுத்து, அதே வழங்கியில் வைக்காமல் வேறிடத்தில் வைக்க வேண்டும். முன்னது மட்டும் இருந்தால் படங்கள் போகும்; பின்னது மட்டும் இருந்தால் எழுதியதெல்லாம் போகும். எடுத்ததைச் சோதனைத் தளம் ஒன்றில் மீட்டுப் பார்க்காதவரை அது உதவுமா என்பது தெரியாது. மீட்டதும் முதலில் பார்க்க வேண்டியது தமிழ் உரை எப்படித் தெரிகிறது என்பதை. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் இரண்டு மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகச் சிதறித் தெரிந்தால், பைட்டுகள் பெரும்பாலும் பழுதின்றி இருந்து, தவறான குறியாக்கத்தில் (யூடிஎஃப்-8 அல்லாத முறையில்) படிக்கப்படுகின்றன என்று கொள்ளலாம். குறியாக்கத்தைச் சரியாகக் குறித்து மறுபடி இறக்கினால் உரை திரும்பிவிடும். வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்து, தரவுத்தளத்துக்குள்ளும் அவையே இருந்தால், தமிழ் எழுத்துக்கு இடமில்லாத அட்டவணையில் எழுதப்பட்ட அந்த நொடியிலேயே மூலப் பைட்டுகள் தொலைந்துவிட்டன. அந்த மீட்பை அழித்துவிட்டு, அட்டவணையின் எழுத்துத் தொகுதியை மாற்றி, கையிலுள்ள காப்புப்பிரதியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.