கமிட்டர் – சேர்ப்பாளர்

திறந்த மூல மென்பொருளொன்றின் பொதுக் களஞ்சியத்தில் நிரல் மாற்றங்களைத் தன் கையாலேயே சேர்க்கும் உரிமை பெற்றவர் கமிட்டர். அந்த உரிமையே கமிட் உரிமை.

வேர் இலத்தீன் மொழியின் ‘கொம்மித்தெரே’. ‘கொம்’ என்றால் ஒன்றாக. ‘மித்தெரே’ என்றால் அனுப்பு. ஒருவரை நம்பி ஒன்றைக் கையளித்தல் என்ற பொருள் இதிலிருந்தே ஆங்கிலத்துக்கு வந்தது. நம்மூர் ‘கமிட்டி’யும் இந்த வேரில் பிறந்ததுதான்.

நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் பதிந்துவைப்பவை பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள். அவற்றில் பழையவற்றில் களஞ்சியம் ஓரிடத்தில் மட்டுமே இருந்தது. கமிட் செய்தால் மாற்றம் நேரே அங்கே போய்விடும். சனசமூக நிலையத்துக்கு ஊரவர் எவரும் புத்தகம் கொடுக்கலாம். அலுமாரித் திறப்பு மட்டும் இரண்டொருவர் கையில் இருக்கும் அல்லவா, அப்படித்தான். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்ற கருவி இதை மாற்றியது. இன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக விடுதியிலிருக்கும் மாணவி ஒருத்தி முழுக் களஞ்சியத்தையும் தன் மடிக்கணினியில் படியெடுத்து, அந்தப் படியில் யாரையும் கேளாமல் கமிட் செய்யலாம். அனுமதி தேவைப்படுவது அதைப் பொதுக் கிளையில், அதாவது எல்லாரும் பகிரும் நிரல் வரிசையில், இணைப்பதற்கே. ஆங்கிலத்தில் ‘கமிட்டர்’ என்ற பழைய பெயரே நின்றுவிட்டது.

கிட் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு பெயர்களைப் பதிகிறது: எழுதியவர் ஒருவர், கமிட் செய்தவர் ஒருவர். மாணவி மின்னஞ்சலில் அனுப்பிய திருத்தத்தை இன்னொருவர் சேர்த்தால், எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயரே நிற்கும். உழைப்பு அவளுடையது, பொறுப்பு சேர்த்தவருடையது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

உரிமையை வழங்கும் முறை திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களில், தொடர்ந்து நல்ல பங்களிப்புச் செய்தவரை மேலாண்மைக் குழு வாக்களித்து அழைக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருவில் மாற்றங்கள் துணைப்பகுதிப் பராமரிப்பாளர்கள் வழியாக மேலேறி, டோர்வால்ட்ஸின் கிளையை அடைகின்றன. நம்பிக்கை தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை 2024 மார்ச்சில் கண்டோம். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் ஆண்டுக்கணக்காக உழைத்து நம்பிக்கையைப் பெற்ற ஒருவரே, பிறர் கணினிக்குள் மறைவாக நுழைய வழிவிடும் கள்ளவாசல் வைத்திருந்தார். தொலைவழி உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘உறுதிசெய்’ பொருந்தாது, தமிழில் அது சரிபார்த்து ஆமென்பது. ‘ஒப்படை’ வேர்ப்பொருளுக்கு மிக நெருக்கம். ஆனால் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஒப்படை என்றால் ஆசிரியர் கொடுத்த வேலைதான் நினைவுக்கு வரும். ஆகவே கமிட் உரிமைக்குச் ‘சேர்ப்புரிமை’, கமிட்டருக்குச் ‘சேர்ப்பாளர்’ என்பதே என் தெரிவு. பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பதைத்தான் இச்சொற்கள் சுட்டுகின்றன. இன்றைய நடைமுறைக்கு ஆங்கிலச் சொல்லைவிட இவை துல்லியமானவை. தனி ஒருவர் தன் கணினியில் செய்யும் கமிட்டைப் ‘பதிகை’ என்று பிரித்துச் சொல்லலாம். பங்களிப்பாளர், பராமரிப்பாளர் இரண்டும் ஏற்கெனவே வழக்கில் நன்றாக நிற்பதால் அவற்றைத் தொட வேண்டியதில்லை.