ஈத்தாலஜி: விலங்கின நடத்தையியல்

ஈத்தாலஜியைத் தமிழ்க் கட்டுரையில் எப்படி எழுதுவது என்பதுதான் இங்கே கேள்வி. ஒரு உயிரினம் தான் வாழும் இடத்தில் என்ன செய்கிறது, எதற்காகச் செய்கிறது என்று கவனித்து ஆராயும் துறைதான் ஈத்தாலஜி. பெயர் ஒலிப்பதை வைத்து இதை எத்னாலஜியோடு குழப்பிக்கொள்வது உண்டு. அது மனித இனக்குழுக்களைப் பற்றியது. புதுச்சேரியில் இந்தக் குழப்பத்துக்கு இடம் கொஞ்சம் அதிகம்தான். 1955-இல் தொடங்கிய அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சூழலியலும் சமூக அறிவியலும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ஈதோஸ்' என்றால் குணம், வழக்கம். இன்னும் பழைய பொருள் ஒன்று உண்டு: பழகித் திரியும் இடம். பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமரில் அது குதிரைகளின் இடத்தைக் குறிக்கிறது. எதிக்ஸ் (அறநெறி) என்ற சொல்லும் இதே வேர்தான். 1843-இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், மனிதக் குணம் எப்படி உருவாகிறது என்று ஆராயும் துறைக்கு இந்தப் பெயரை வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. 1850களில் பிரெஞ்சு விலங்கியலாளர் இசிதோர் ழொஃப்ருவா சேன்த்-இலேர் அதை விலங்குகள் பக்கம் திருப்பினார். ஆங்கிலத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எறும்பு ஆய்வாளர் வில்லியம் மார்ட்டன் வீலர், 1902-இல்.

ஆனால் இந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவர் என்று நான் நினைப்பது விலங்கியலாளர் நிக்கோ டின்பெர்கனைத்தான். 1907-இல் ஹாலந்தில் பிறந்தவர். தேனீக்களை வேட்டையாடும் மண்குளவி பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு மொத்தமே 32 பக்கம். மணலில் இருக்கும் குளவியின் வளையைச் சுற்றி பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். குளவி பறந்துபோனதும் வட்டத்தை அப்படியே சற்றுத் தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி வளையை விட்டுவிட்டு வட்டத்தின் நடுவில் போய்த் தேடியது. அது தன் வீட்டை அடையாளங்களை வைத்துக் கண்டுபிடிக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. ஆய்வகம், கருவி எதுவும் இல்லை.

1949-இல் ஆக்ஸ்ஃபோர்டு போனபிறகு அவர் கடற்காகங்களிடம் ஒன்றைக் கவனித்தார். குஞ்சு பொரித்ததும் உடைந்த முட்டை ஓட்டைப் பெற்றோர்ப் பறவை தூக்கிக்கொண்டு போய்த் தூரப் போட்டுவிடுகிறது. ஏன் இந்த வேலை? ஓட்டின் உட்புறம் வெள்ளை. அது பக்கத்தில் கிடந்தால் மீதி முட்டைகளைக் காக்கை எளிதில் கண்டுபிடிக்கிறது என்று சோதித்துக் காட்டினார். பரிணாமச் சூழலியல் (உயிரினத்தின் பண்புகள் அதன் சூழலில் எப்படி, எதற்காக உருவாயின என்று ஆராயும் துறை) என்று இன்று சொல்வதன் சாரம் இந்தக் கேள்வியில் இருக்கிறது. 1973-இல் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கோன்ராட் லோரன்ஸ், கார்ல் ஃபான் ஃபிரிஷ் இருவரோடு நோபல் பரிசும் வந்தது.

1963-இல் அவர் எந்த நடத்தையைப் பற்றியும் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை வகுத்தார். இதற்கு கடலூர் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டில் நீர் வற்றியதும் சேற்றில் ஃபிட்லர் நண்டுகள் வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும். உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டும். வளை வாசலில் நின்று அதை ஏற்றி இறக்கி ஆட்டிக்கொண்டே இருக்கும். எது தூண்டுகிறது? பெண் நண்டு கண்ணில் பட்டால் ஆட்டம் கூடுகிறது. எப்படி வளர்ந்தது? இளம் பருவத்தில் இரண்டு கொடுக்கும் ஒரே அளவு. அப்புறம்தான் ஒன்று பெருக்கிறது. என்ன பயன்? ஜோடி கிடைக்கும், எதிரியை விரட்டலாம். சேற்றை அள்ளித் தின்ன அந்தக் கொடுக்கு உதவாது. பெண் இரண்டு கையால் தின்னும்போது ஆண் ஒரு கையால்தான் தின்ன வேண்டும். பரிணாமத்தில் எப்படி வந்தது என்பது நான்காவது கேள்வி. உறவுள்ள மற்ற இன நண்டுகளோடு ஒப்பிட்டுத்தான் அதற்கு விடை தேடுகிறார்கள். சில இனங்களில் கொடுக்கு முறிந்தால் புதிதாக முளைப்பது பார்க்கப் பெரிதாகவே இருக்கும், பலம் குறைவு. வெறும் உதார்!

சரி, தமிழுக்கு வருவோம். 'நடத்தை' நல்ல பொருத்தம். நடத்தைச் சான்றிதழ் என்கிறோமே, அந்த ஒழுக்கச் சாயல் ஈதோஸிலும் இருக்கிறது. 'நடத்தைவாதம்' வேறு, அது உளவியலில் ஒரு கொள்கை. எனக்கு உறுத்துவது 'விலங்கு' தான். பேச்சுத் தமிழில் குளவி பூச்சி, கடற்காகம் பறவை, நண்டு நண்டுதான். எதையும் யாரும் விலங்கு என்று சொல்வதில்லை. டின்பெர்கன் ஆராய்ந்த பெரும்பாலானவை இந்தச் சொல்லுக்குள் அடங்காது. 'விலங்கினம்' என்றால் இவை எல்லாமே அடங்கும். அதனால் 'விலங்கு நடத்தையியல்' என்பதைவிட 'விலங்கின நடத்தையியல்' மேல்.

பரிணாமச் சூழலியலில் வரும் எவொல்யூஷனுக்குப் பரிணாமம், படிமலர்ச்சி, இலங்கைத் தமிழில் கூர்ப்பு என்று மூன்று உண்டு. பரிணாமம்தான் பரவலாகப் புரிகிறது. நான் அதையே எழுதுகிறேன். கட்டுரையில் முதல் முறை 'விலங்கின நடத்தையியல்' என்று முழுசாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் 'நடத்தையியல்' என்று சுருக்கிக்கொள்ளலாம்.