கை கால் வாய் நோயா, கைகால்வாய் நோயா?

போன மாசம் அக்காளுக்க சின்னவன் படிக்கிற எல்கேஜி வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்துது, "கைகால்வாய் நோய் பரவுவதால் காய்ச்சல் உள்ள குழந்தைகளை அனுப்ப வேண்டாம்"னு. அத்தான் அத ரெண்டு தடவ வாசிச்சிட்டு "இதென்னடே, சானல்ல குளிச்சா வர்ற நோயா"ன்னு கேட்டாரு. சிரிப்பு வந்துட்டு, ஆனா அவர குத்தம் சொல்ல முடியாது, தோவாளை சானல், அனந்தனாறு சானல்னு எங்க கன்னியாகுமரி பக்கத்து கால்வாய்ல குளிச்சு வளந்த ஆளு, கால்வாய்னு எழுதி காட்டுனா அவருக்கு தண்ணிதான் ஞாபகம் வரும். இடைவெளி விடாம டைப் பண்ணதுல காலும் வாயும் ஒட்டிகிட்டு, அவ்வளவுதான் நடந்தது.

பேரு எங்கருந்து வந்துதுன்னு பாத்தா அது ஒண்ணும் பழசு இல்ல. 1957ல கனடாவுல டொரன்டோ பக்கம் பிள்ளைகளுக்கு கை, கால், வாயில கொப்புளமா இந்த நோய் கொத்தா வந்துருக்கு, அப்புறம் 1959ல இங்கிலாந்துல பர்மிங்காம்ல வந்தப்போ, அத பத்தி எழுதுன டாக்டர்மாருதான் ஹேண்ட் ஃபுட் அண்ட் மவுத் டிசீஸ்ங்கிற பேர போட்டாங்க. எங்க புண்ணு வருதோ அந்த இடத்த வரிசையா சொன்னா பேரு, அதுல பெரிய கற்பனை ஒண்ணும் கிடையாது. கிருமி பேருதான் ஊரு பேரு. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல ஹட்சன் ஆத்தங்கரையில காக்சாக்கின்னு ஒரு சின்ன ஊரு, அங்கருந்து எடுத்த சாம்பிள்லருந்து 1948ல கண்டுபிடிச்ச வைரஸ் கூட்டம் அது. அதுல ஏ16ங்கிற வகைதான் இந்த நோய்க்கு வழக்கமான காரணம், ஏ6னு ஒண்ணும் உண்டு, அது போக என்டெரோவைரஸ் 71னு வேற ஒரு வைரஸும் இருக்கு, அது வந்தா சில பிள்ளைகளுக்கு மூளை வரைக்கும் போகும்.

இப்போ தமிழ்ல என்ன சொல்லுறதுங்கிறதுதான் குழப்பம். மாட்டுக்கு வர்றது ஃபுட் அண்ட் மவுத், பிள்ளைக்கு வர்றது ஹேண்ட் ஃபுட் அண்ட் மவுத், ஒரு வார்த்தைதான் வித்தியாசம். அதனால கால் வாய் நோய்னு பாதியா சொன்னா, மாடு வளக்குற வீட்டுல "ஐயோ பசுவ அவுத்து விடவா"ன்னு பயப்படுறாங்க. மாட்டு நோய்க்கு நம்மகிட்ட தனியா அழகான சொல்லே இருக்கு, கோமாரி. கோன்னா பசு, மாரின்னா மழை மட்டும் இல்ல, அம்மை நோய்க்கும் உள்ள பழைய பேரு. களியக்காவிளை தாண்டி கேரளா போனா அதையே குளம்பு ரோகம்பாங்க, அதுவும் நல்ல பேருதான். ரெண்டு வைரஸும் பிகோர்னாங்கிற ஒரே பெரிய குடும்பம், ஆனா வேற வேற வகை, கோமாரி வந்த மாட்டுலருந்து பிள்ளைக்கு இது வராது. சந்தேகம்னா மாட்டுக்கு கை ஏதுன்னு கேட்டா போதும்.

அப்புறம் தக்காளி காய்ச்சல். 2022 மே மாசம் கொல்லத்துல அஞ்சு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைகளுக்கு சிவப்பு சிவப்பா கொப்புளம் வந்தப்போ மலையாளத்துல தக்காளிப்பனின்னு பேரு வச்சாங்க. அங்க பனின்னா காய்ச்சல். நம்ம விளவங்கோடு பக்கத்துல மலையாளம் கலந்து பேசுறவங்களுக்கு அது சட்டுனு புரியும், மதுரக்காரனுக்கு தக்காளி மேல பனி விழுந்த மாதிரி இருக்கும். ஆனா பழைய தமிழ்லயும் பனித்தல்னா நடுங்குதல், குளிர் காய்ச்சல்ல பல்லு தந்தி அடிக்கிறத நினச்சா மலையாளத்துக்காரன் ஒண்ணும் தப்பா சொல்லல. தக்காளி தின்னா வர்ற நோய் இல்ல அது, கொப்புளம் நிறமும் உருண்டையும் அப்பிடி. அந்த வருசம் கேரளா வந்துட்டு இங்கிலாந்து திரும்புன ரெண்டு பிள்ளைகள டெஸ்ட் பண்ணா காக்சாக்கி ஏ16, அதாவது நம்ம பழைய ஆளேதான் புது பேர்ல வந்துருக்கான்.

ஆச்சிகிட்ட கேட்டா எல்லாமே அம்மைதான், உடனே வேப்பிலை. சின்னம்மையில கொப்புளம் நெஞ்சு முதுகுன்னு உடம்புல நிறைய வரும், இதுல உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள்ள, சில பேருக்கு முட்டியிலயும் குண்டியிலயும்.

அக்கா மவனுக்கு வந்தப்போ நான் பக்கத்துல இருந்து பாத்தேன். மட்டிப்பழம்னா தோல உரிக்கிறதுக்குள்ள கைய நீட்டுறவன், அன்னிக்கு ஒரு கடி கடிச்சிட்டு துப்பிட்டான், வாயோரம் எச்சில் ஒழுகிட்டே இருக்கு, மேல லேசா சூடு. டார்ச் அடிச்சு பாத்தா நாக்கு நுனியில ரெண்டு புண்ணு. மறுநாள்தான் உள்ளங்கையில சிவப்பு புள்ளி. பெரும்பாலும் இப்பிடித்தான், முதல்ல வாய், பிறவுதான் கையும் காலும். அதனால என்னய கேட்டா வாய் கை கால் கொப்புளம்னு சொல்லலாம். வர்ற வரிசையும் சரியா இருக்கும், கால்வாய் தொல்லையும் இல்ல. சில பேரு "கை, பாதம் மற்றும் வாய் நோய்"னு எழுதுறாங்க, அந்த "மற்றும்" பாத்தாலே அண்ட் மணக்குது. பாதம்னு சுருக்கவும் வேண்டாம், நமக்கு கால்னா தொடையிலருந்து பெருவிரல் வரைக்கும், முட்டியில வர்ற புள்ளியும் அதுல அடங்கிரும்.

வைத்தியம்னு பாத்தா ஆன்டிபயாடிக் இதுக்கு வேல செய்யாது, ஏழு பத்து நாள்ல தானா ஆறும். வாய் எரியுறதால பிள்ளை தண்ணி குடிக்காது, அதுதான் மெயின் பிரச்சனை, ஆறுன கஞ்சித்தண்ணி, இளநீ, மோருன்னு கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கணும், புளிப்பும் சூடும் வேண்டாம். ஒண்ணுக்கு போறது குறைஞ்சாலோ, காய்ச்சல் மூணு நாளுக்கு மேல விடலன்னாலோ, தூக்கத்துல தூக்கி தூக்கி போட்டாலோ, விடாம வாந்தி எடுத்தாலோ டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும். ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துராதீங்க. புண்ணு ஆறுன பிறவும் மலத்துல கிருமி வாரக்கணக்குல இருக்கும், கழுவி விட்டா சோப்பு போட்டுத்தான் கைய கழுவணும், சானிடைசர் இதுக்கு அவ்வளவா கேக்காது.

எல்லாம் சரியாகி ஒரு மாசம் கழிச்சு அவனுக்க கட்டவிரல் நகம் அடியிலருந்து கழண்டு வந்துது. அக்கா அழுதே போட்டா. இதுவும் அந்த நோயோட மிச்சந்தான், ஏ6ல கூடுதலா வரும், வலிக்காது, அடியில புது நகம் முளைச்சிட்டு இருக்கும்னு டாக்டர் சொன்னாவ. அதுக்கும் வாயில நுழையாத இங்கிலீஷ் பேரு ஒண்ணு சீட்டுல எழுதி கொடுத்தாவ. ஆச்சி கைய பிடிச்சு பாத்துட்டு "நகம் சட்ட உரிக்குது, வேற ஒண்ணும் இல்ல"ன்னா.