எம்ஓடி சோதனையில் தோற்ற பழைய காரை வீட்டிலேயே சரிசெய்யலாமா? பிரிட்டன் விதிகள் குறித்த விளக்கம்

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று பகுதிகளிலும் ஒரு கார் மூன்று வயதை எட்டிவிட்டால், அது முதல் ஆண்டுக்கொரு முறை எம்ஓடி என்னும் பாதுகாப்புச் சோதனையில் தேறியாக வேண்டும். 1960-இல் அன்றைய போக்குவரத்து அமைச்சகம் இதைத் தொடங்கியபோது பத்து வயதைக் கடந்த வண்டிகளுக்கு மட்டுமே இது இருந்தது. அமைச்சகத்தின் பெயர் பின்னர் பலமுறை மாறிவிட்டாலும், அதன் பழைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சோதனையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. வட அயர்லாந்தில் முதல் சோதனை நான்காவது ஆண்டில்தான் வரும், அதை அரசு நிலையங்களே நடத்தும், நடைமுறையும் வேறு. எனவே இங்கே சொல்லப்படுவது மற்ற மூன்று பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

சோதனையில் தோற்ற வண்டியை அதே கராஜில்தான் பழுதுபார்க்க வேண்டும் என்றோ, உரிமம் பெற்ற மெக்கானிக்தான் தொட வேண்டும் என்றோ எந்த விதியும் இல்லை. சோதனையாளர் பார்ப்பது குறை நீங்கியிருக்கிறதா என்பதை மட்டுமே. ஸ்பேனரைப் பிடித்தது யார் என்பது அவருடைய கேள்வி அல்ல, உதிரிபாக ரசீதைக் காட்டவும் அவர் கேட்கப்போவதில்லை. ஆகவே கைத்திறன் உள்ளவர் தம் வீட்டு வாசலிலேயே வேலையை முடிக்கலாம். பணமும் சிக்கலும் பெரும்பாலும் வேலையில் இல்லை. வண்டியை எப்போது, எப்படி ஓட்டிச் செல்கிறோம், எந்த நாளுக்குள் திரும்பக் கொண்டுபோகிறோம் என்பதில்தான் இருக்கின்றன.

முதலில் கையில் தரப்படும் தோல்வித் தாளை நிதானமாகப் படிக்க வேண்டும். 2018 மே 20 முதல் குறைகள் 'அபாயகரமானவை', 'பெரியவை', 'சிறியவை' என மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன. முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி தோற்றுவிடும்; சிறிய குறையோ, 'கவனித்துக்கொள்ளுங்கள்' என்ற ஆலோசனைக் குறிப்போ மட்டும் இருந்தால் வண்டி தேறிவிடும். பலர் இந்த நான்கையும் ஒரே பட்டியலாகக் கருதிக்கொண்டு, ஆலோசனைக் குறிப்பில் இருக்கும் வேலைக்கும் அன்றே பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அந்த வேலைகளுக்கு இன்று கட்டாயம் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டின் தோல்வி பெரும்பாலும் அந்தக் குறிப்புகளிலிருந்துதான் பிறக்கும் என்பதால், அவற்றைத் தனியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த கேள்வி, அந்த வண்டியை வீட்டுக்கு ஓட்டி வரலாமா என்பது. தாளில் 'அபாயகரமானது' என்ற சொல் ஒரே ஒரு வரியில் இருந்தாலும், குறையைச் சரிசெய்யும் வரை ஓட்டக் கூடாது. பழைய சான்றிதழுக்கு இன்னும் இரண்டு வாரம் உயிர் இருந்தாலும் இதே நிலைதான். மீறினால் 2,500 பவுண்டு வரை அபராதம், உரிமத்தில் மூன்று புள்ளிகள், ஓட்டத் தடை ஆகியவை வரக்கூடும். அப்படிப்பட்ட வண்டியை வீட்டில்தான் சரிசெய்வேன் என்றால் ஏற்றிச்செல்லும் வாகனத்துக்குப் பணம் கொடுத்தாக வேண்டும், அல்லது நிலையத்திலேயே சரிசெய்ய வேண்டும். பெரிய குறைகள் மட்டுமே இருந்து, பழைய சான்றிதழும் காலாவதியாகாமல் இருந்தால் ஓட்டி வரலாம்; ஆனால் வண்டி சாலைக்கு ஏற்ற நிலையில் இருக்க வேண்டும் என்ற பொதுக் கடமை அப்போதும் நீங்குவதில்லை. சான்றிதழ் காலாவதியாகிவிட்டதென்றால், சோதனையிலிருந்து எடுத்து வருவதற்கும், ஏற்கெனவே ஏற்பாடு செய்த பழுதுபார்க்கும் இடத்துக்குப் போய் வருவதற்கும், முன்பதிவு செய்த மறுசோதனைக்குப் போவதற்கும் மட்டுமே சாலையில் இறங்கலாம். உதிரிபாகக் கடைக்கு அதே காரில் போவது இதில் அடங்காது. பேருந்தில் போங்கள்.

இப்போது நாள்கணக்கு. காருக்கான முழுச் சோதனைக் கட்டணத்தின் உச்சவரம்பு 54.85 பவுண்டு, பல நிலையங்கள் அதைவிடக் குறைவாகவே வாங்குகின்றன. வண்டியைப் பழுதுபார்க்க அங்கேயே விட்டு, பத்து வேலைநாட்களுக்குள் வேலை முடிந்தால், தோற்ற பாகங்களை மட்டும் திரும்பப் பார்க்கும் பகுதி மறுசோதனைக்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்கு எடுத்து வருபவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. தோற்றது விளக்கு, ஹார்ன், வைப்பர், கண்ணாடி, நம்பர் பிளேட், சீட்பெல்ட், கதவு, சக்கரம், டயர் போன்ற குறிப்பிட்ட எளிய பாகங்களில் மட்டும் என்றால், அடுத்த வேலைநாள் முடிவதற்குள் அதே நிலையத்துக்குக் கொண்டுபோனால் கட்டணமின்றிப் பார்ப்பார்கள். முகப்பு விளக்கின் ஒளி படும் கோணம் இந்தச் சலுகையில் சேராது. பிரேக், வெல்டிங் போன்ற வேலைகளும் சேரா. அவற்றை முடித்து, பத்து வேலைநாட்களுக்குள் அதே நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஒரு பகுதிக் கட்டணத்தோடு போய்விடும். பதினோராவது நாள் போனாலோ, வேறு நிலையத்துக்குப் போனாலோ, மறுபடியும் முழுச் சோதனை, முழுக் கட்டணம். ஒரு முழுச் சோதனைக்கு ஒரு பகுதி மறுசோதனைதான் உண்டு என்பதால், பாதி வேலையோடு போய்ப் 'பார்த்துவிடலாம்' என்ற துணிச்சல் இங்கே செல்லாது.

இந்த நெருக்கடியைத் தவிர்க்க விதியிலேயே ஒரு வசதி இருக்கிறது. சான்றிதழ் முடியும் நாளுக்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக இருக்கும்போதே சோதனையை முடித்துக்கொண்டால், அடுத்த ஆண்டின் தேதி பழையபடியே தொடரும். தோற்றாலும் கையில் நாட்கள் மிஞ்சும். பழைய கார் வைத்திருப்பவர் கடைசி வாரம் வரை காத்திருப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

வேலை நடக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். சொந்த வாகனப் பாதையிலோ கராஜிலோ எந்தத் தடையும் இல்லை. தெருவோரத்தில் கூலிக்கோ வியாபாரமாகவோ பழுதுபார்ப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; தம் காரைத் தாமே சரிசெய்பவருக்கு அது பொருந்தாது என்றாலும், அக்கம்பக்கத்தாருக்கு நியாயமான எரிச்சல் ஏற்படும்படி நடந்துகொண்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வேலை வாரக்கணக்கில் இழுக்கும் எனத் தெரிந்தால், 'சாலையில் இல்லை' என்ற அறிவிப்பைப் பதிவுசெய்து வண்டியைத் தனியார் நிலத்தில் வைத்துவிட வேண்டும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. உள்ளாட்சி மறுசுழற்சி மையங்களில் அதற்கெனத் தொட்டி இருக்கும்.

எந்தெந்த வேலைகளை நாமே செய்யலாம்? பல்பு, வைப்பர், நம்பர் பிளேட் ஆகியவை அரைமணி நேர வேலைகள். சென்ற குளிர்காலத்தில் என் பழைய ஹேட்ச்பேக் பிரேக் விளக்கு ஒன்றால் தோற்றது. புதுப் பல்பைப் போட்டும் அது எரியவில்லை. பல்பு உட்காரும் இடத்தில் பச்சை பூத்திருந்ததை உப்புத்தாளால் தேய்த்த பிறகே வெளிச்சம் வந்தது. டயரின் பள்ளம் நடுப்பகுதியின் முக்கால் அகலத்தில், சுற்றுவட்டம் முழுதும் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும்; இருபது பென்ஸ் நாணயத்தைப் பள்ளத்தில் செருகும்போது அதன் வெளிவிளிம்புப் பட்டை கண்ணுக்குத் தெரிந்தால் டயரை அளந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது. பிரேக் பேடை 1.5 மி.மீ. வரை தேய விடக் கூடாது. மாற்றுவதானால் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் நுழையக் கூடாது. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஆக்சில் ஸ்டாண்ட் இல்லாத வீட்டில் பிரேக் வேலையும் வேண்டாம்.

துருதான் பழைய காரின் உண்மையான எதிரி. குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தை உள்ளிருந்து தின்னும். சீட்பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் போன்றவை பொருத்தப்பட்ட இடங்களிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் தகடு வலுவிழந்திருந்தால் வண்டி தோற்கும். சோதனையாளர் அங்கே விரலாலும் கருவியாலும் அழுத்தியும் தட்டியும் பார்ப்பார். நல்ல தகடு கணீரென்னும், உளுத்தது மந்தமாக ஒலிக்கும். நம் ஊர் டிங்கர் கடைப் பழக்கத்தில் பட்டி அடித்துப் பெயிண்ட் பூசினால் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் பாரம் தாங்கும் இடத்தில் பட்டியும் ஃபைபர் கிளாஸும் செல்லாது. துருவை நல்ல உலோகம் வரை வெட்டி எடுத்து, ஏற்ற கனமுள்ள தகடு வைத்து, சுற்றிலும் விடுபடாத தொடர் வெல்டிங் போட வேண்டும். ஒட்டுத் தகட்டைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தால் ஏற்க மாட்டார்கள். வெல்டிங் பழக்கமில்லாதவர் இந்த ஒரு வேலையை மட்டுமாவது வெளியே கொடுத்துவிடலாம்.

தோல்வியே தவறு என்று நினைத்தால் வண்டியில் கைவைக்கக் கூடாது. விடி 17 என்ற படிவத்தில் 14 வேலைநாட்களுக்குள் ஓட்டுநர், வாகனத் தர நிர்ணய முகமைக்கு (டிவிஎஸ்ஏ) மேல்முறையீடு செய்யலாம். மறுபடியும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், முறையீடு வென்றால் அதில் சிறிதோ முழுவதுமோ திரும்பி வரும். பல்பை மாற்றிவிட்டு, முன்பு நன்றாகத்தான் எரிந்தது என்று வாதாட இயலாது.

தேறியவுடன் முடிவு கணினியில் ஏறிவிடும், அதன் பிறகு சாலை வரி கட்டலாம். தோற்ற பதிவும் அழியாது. பதிவெண் தெரிந்த எவரும் 2005 முதலான முடிவுகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நாளை காரை வாங்க வருபவர் அந்த வரியைச் சுட்டிக்காட்டி விலை பேசுவார். அப்போது எடுத்துக் காட்ட, சோதனையாளர் கேட்காத அந்த ரசீதுகளையும் துருவை வெட்டும்போது எடுத்த படங்களையும் ஓர் உறையில் போட்டு வைத்திருங்கள்.