ஊர் இருட்டாக இருந்தாலும் கம்பியில் கரண்ட் இருக்கும்

புயலில் கரண்ட் போனதும் எல்லோரும் முதலில் செய்வது ஜன்னலைத் திறந்து பார்ப்பதுதான். பக்கத்து வீடும் இருட்டு என்றால் ஒரு நிம்மதி. மின் வழித்தடப் பராமரிப்பில் இருக்கும் எனக்கு அந்த நேரத்தில் அவ்வளவு பயமில்லை, ஜனங்கள் வீட்டுக்குள் இருக்கிறார்களே. காற்று ஓய்ந்து எல்லோரும் தெருவில் இறங்குகிற முதல் ஒரு மணி நேரம்தான் எனக்குப் பதைப்பு.

மரம் சாய்ந்திருக்கும். நாலு பேர் சேர்ந்து கிளையை இழுப்பார்கள். நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் கிளைக்கு அடியில் கம்பி கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தாலும், "ஊரே இருட்டா கிடக்கு, இதுல எங்க கரண்ட் வரப்போகுது" என்று விடுவார்கள். அங்கேதான் உயிர் போகிறது.

கம்பி அறுந்து விழுந்தால் ஃபியூஸ் போய்விடும் என்று நம்ப வேண்டாம். தார் ரோட்டிலோ கான்கிரீட்டிலோ விழுந்தால் தரைக்குள் பாயும் மின்னோட்டம் பல சமயம் மிகக் குறைவு. ஃபியூஸுக்கும், பழுதைக் கண்டு லைனை நிறுத்தும் ரிலேவுக்கும் அது தெரியவே தெரியாது. பொறியும் இல்லாமல் சத்தமும் இல்லாமல், 11,000 வோல்ட்டோடு கம்பி கிடக்கும். சப்ளை நின்றிருந்தாலும், தானாகவே மறுபடி கொடுத்துப் பார்க்கும் கருவி பல வழித்தடங்களில் உண்டு. சில வினாடியில் கம்பியில் கரண்ட் வந்துவிடும்.

தொட்டால்தான் ஆபத்து என்றில்லை. கம்பி விழுந்த இடத்தைச் சுற்றி நிலத்திலேயே மின்னழுத்தம் பரவியிருக்கும். எட்டு வைத்து நடந்தால் கரண்ட் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். 10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். தெரியாமல் கிட்டே போய்விட்டால், பாதங்களை ஒட்டி வைத்து, தூக்காமல் தேய்த்துத் தேய்த்தே விலகுங்கள். கார்மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருங்கள். தீப்பிடித்தால் மட்டும், காரையும் தரையையும் ஒன்றாகத் தொடாமல் இரு காலும் சேர்த்துக் குதியுங்கள்.

அப்புறம் ஜெனரேட்டர். ஒரு புயலுக்கு அடுத்த நாள், அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் லைனை நிறுத்திவிட்டு ஒரு கம்பத்தில் ஏற இருந்தோம். ஏணியில் கால் வைப்பதற்கு முன் டெஸ்டரை நீட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது. எங்கள் பக்கம் சுவிட்ச் எல்லாம் திறந்துதான் இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நடந்தோம். ஒரு வீட்டுப் பின்புறம் ஜெனரேட்டர் ஓடுகிறது, அதன் ஒயர் சுவர் பிளக்கில் செருகியிருக்கிறது, மெயினை அணைக்கவில்லை. அந்த வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்ததும் கை நடுங்கியது. பாவம், அவருக்கு யாரும் சொன்னதில்லை.

டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். வீட்டிலிருந்து 230 வோல்ட் திரும்பி ஏறினால், மேலே ஆயிரக்கணக்கான வோல்ட் ஆகிவிடும். வீட்டை லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாத வீட்டில், வேண்டிய பொருளை நேராக ஜெனரேட்டரிலேயே செருகுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, வெளியில். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

கம்பி கிடப்பதைப் பார்த்தால் ஒருவர் தள்ளி நின்று வழியை மறியுங்கள், இன்னொருவர் மின் அலுவலகத்துக்குக் கம்பத்தின் எண்ணைச் சொல்லுங்கள். அடுத்த தெருவுக்கு வந்த கரண்ட் உங்கள் தெருவுக்கு வரவில்லையா? உங்கள் லைனில் யாரோ ஒருவர் இன்னும் கம்பத்தின் மேல் இருக்கலாம்.