கூடு மாறும் சர்வர்

பல சர்வர்களை ஒன்றாகச் செருகி வைக்கும் பொதுக் கூடு சேசிஸ், அதில் செருகும் மெல்லிய சர்வர் பிளேடு. ஒரு பிளேடு சர்வரைக் கழற்றி, நாலு ரேக் (சர்வர் அடுக்கும் அலமாரி) தள்ளி நிற்கும் இன்னொரு சேசிஸில் செருக எவ்வளவு நேரம் ஆகும்? கை வேலை ஐந்து நிமிடம்தான். முன்பக்கப் பொத்தானை அழுத்தினால் நெம்புகோல் வெளியே வரும். இழுத்தால் ஐந்தாறு கிலோ பெட்டி கைக்கு வந்துவிடும். கேபிள் ஒன்றுகூடப் பிடுங்க வேண்டாம். அதனாலேயே இதைச் சாதாரண வேலை என்று புதிதாக வருபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதற்கு ஒரு முழு இரவு போனது. அதற்கு வருவதற்கு முன், இந்தப் பெட்டிக்குள் என்ன இல்லை என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

சாதாரண சர்வருக்குத் தனக்கென்று பவர் சப்ளை, ஃபேன், நெட்வொர்க் கேபிள் எல்லாம் உண்டு. பிளேடில் பிராசசர், மெமரி, இரண்டு டிஸ்க், ஒன்றிரண்டு கூடுதல் கார்டு, அவ்வளவுதான். மற்றவை சேசிஸில் பொதுவாக இருக்கும். ஒண்டுக்குடித்தனம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: அறை தனித்தனி, கிணறும் முற்றமும் எல்லோருக்கும் ஒன்று. ஹூஸ்டனில் இயங்கிய ஆர்எல்எக்ஸ் என்ற சிறு நிறுவனம் 2001-ல் இப்படிப்பட்ட சர்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எனக்கு நன்றாகப் பழகியது 2006-ல் வந்த எச்பி சி7000. உயரம் 10 யு (ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு), அதாவது ஏறக்குறைய 44 சென்டிமீட்டர். அதற்குள் 16 அரை உயர பிளேடுகள், 6 பவர் சப்ளை, 10 ஃபேன், பின்பக்கம் சுவிட்ச்கள் செருக 8 இடங்கள். ஒரு ரேக்கில் இப்படி நான்கு சேசிஸ் அடுக்கினால் 64 சர்வர்கள். இத்தனைக்கும் தனித்தனியே கேபிள் இழுத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

முன்னால் செருகும் பிளேடையும் பின்னால் இருக்கும் சுவிட்சையும் இணைப்பது நடுவில் நிற்கும் மிட்பிளேன் என்ற பலகை. சிக்னல் போகும் பாதையில் அது தானாக எந்த முடிவும் எடுக்காது. எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்பது தொழிற்சாலையிலேயே தீர்மானமாகிவிட்டது. அரை உயர பிளேடின் போர்டிலேயே இருக்கும் நெட்வொர்க் போர்ட்டுகள் பின்பக்கத்தின் 1, 2-ஆம் இடங்களுக்குப் போகும். முதல் மெஸனைன் கார்டு (பிளேடின் போர்டில் செருகும் கூடுதல் கார்டு) 3, 4-க்கும், இரண்டாவது கார்டு 5 முதல் 8 வரையும் போகும். ஆகவே முதல் மெஸனைனில் ஃபைபர் சானல் கார்டு (ஸ்டோரேஜோடு இணைக்கும் கார்டு) இருக்கும் பிளேடை எடுத்துப் போகிறீர்கள் என்றால், போகும் சேசிஸிலும் 3, 4-ஆம் இடங்களில் ஃபைபர் சானல் மாட்யூல் இருந்தாக வேண்டும். அங்கே ஈதர்நெட் சுவிட்ச் இருந்தால், சேசிஸை நிர்வகிக்கும் சின்னக் கணினி பொருத்தமில்லை என்று காட்டி அந்தப் பாதையைத் திறக்காமல் விட்டுவிடும். பிளேடைத் தொடுவதற்கு முன் புது சேசிஸின் பின்பக்கத்தை டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

செருகும்போது அவசரம் ஆகாது. மிட்பிளேனில் ஒரு பின் வளைந்தால் பிளேடைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிவிடலாம் என்று இருக்க முடியாது. மிட்பிளேனை மாற்ற மற்ற 15 சர்வர்களையும் நிறுத்த வேண்டும். கடைசி ஒரு சென்டிமீட்டரில் ஒரு இறுக்கம் தெரியும். அப்போது உள்ளங்கையால் தள்ளக் கூடாது. நெம்புகோலை மடித்தால் அதுவே நேராக உள்ளே கொண்டுபோய் உட்கார வைக்கும். உட்கார்ந்ததும் பிளேடு எழுந்துவிடாது. முதலில் விழிப்பது ஐலோ என்ற அதன் கண்காணிப்புச் சில்லு. நான் யார், எனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், எந்தெந்தக் கார்டு வைத்திருக்கிறேன் என்று அது சேசிஸிடம் சொல்லும். பவர் சப்ளைகளில் மிச்சம் இருக்கிறதா, ஃபேன்கள் சமாளிக்குமா என்று சேசிஸ் கணக்குப் போட்டுப் பார்க்கும். அனுமதி கிடைத்த பிறகுதான் ஆரஞ்சு விளக்கு பச்சையாகும்.

பச்சை வந்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையான கேள்வி அங்கேதான் தொடங்குகிறது: இந்த சர்வரின் பெயர் எங்கே இருக்கிறது?

நெட்வொர்க்கில் ஒரு இயந்திரத்தின் அடையாளம் 48 பிட் கொண்ட மேக் முகவரி. ஸ்டோரேஜ் உலகில் 64 பிட் கொண்ட டபிள்யூடபிள்யூஎன். ஐபி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சேவை எந்த ஐபி கொடுக்கும், எந்த டிஸ்க்கைத் தொட ஸ்டோரேஜ் அனுமதிக்கும், சில மென்பொருள்களின் லைசென்ஸ் செல்லுமா என்பதெல்லாம் இந்த எண்களை நம்பித்தான் இருக்கின்றன. சாதாரணமாக இவை கார்டிலேயே பதிந்திருக்கும், பிளேடு போகும் இடத்துக்குக் கூடவே போகும்.

சேசிஸின் பின்பக்கம் செருகும் எச்பியின் விர்ச்சுவல் கனெக்ட் மாட்யூல் இதை மாற்றியது. எண்களை இரும்பிலிருந்து பிரித்து ஒரு ப்ரொஃபைலில் எழுதி, அதைச் சேசிஸின் இருக்கைக்குக் கொடுத்தது. இருக்கையில் எந்த பிளேடு வந்து உட்கார்ந்தாலும், பவர் ஆனதும் அந்த இருக்கையின் பெயரோடுதான் எழும். பிளேடு செத்துப்போனால் வேறொன்றை அதே இடத்தில் செருகினால் போதும். பூட் டிஸ்க் பிளேடில் இல்லாமல் சான் என்ற ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் இருந்தால் பழைய சிஸ்டமே அப்படியே எழுந்து வரும். ஆள் மாறியது ஸ்டோரேஜுக்குத் தெரியவே தெரியாது. சித்தர் கதைகளில் வரும் கூடு விட்டுக் கூடு பாய்தல் இதுதான். முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிளேடு இடம் மாறும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. உடல் எழுந்து போய்விடுகிறது, உயிர் பழைய இருக்கையிலேயே இருந்துவிடுகிறது. புது இடத்தில் பிளேடு தொழிற்சாலையில் வைத்த பெயரோடு விழிக்கும். அந்தப் பெயரை யாருக்கும் தெரியாது. எனவே பிளேடை நிறுத்தி, ப்ரொஃபைலைப் பழைய இருக்கையிலிருந்து விடுவித்து, புது இருக்கைக்குக் கொடுத்து, பிறகுதான் பவர் போட வேண்டும். சி7000 சேசிஸ் நான்கு வரை ஒரே டொமைனில், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ், கோக்கலாம். அதற்குள் என்றால் இது சில சொடுக்குகளில் முடியும். வேறு டொமைன் என்றால் தனி நிர்வாக மென்பொருள் வேண்டும், இல்லாவிட்டால் ப்ரொஃபைலைக் கையால் புதிதாக உருவாக்க வேண்டும். 2009-ல் யுசிஎஸ் என்ற வரிசையோடு வந்த சிஸ்கோ, பெயரைச் சேசிஸிலேயே வைக்கவில்லை. எல்லா சேசிஸுக்கும் மேலே இருக்கும் ஒரு ஜோடிக் கருவியில் வைத்தது. பயாஸ் (இயந்திரத்தை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்பும் பூட் வரிசையும்கூட அங்கேயே. இடமாற்றத்தை மட்டும் வைத்துச் சொன்னால் அதுதான் சுத்தமான வழி என்பது என் எண்ணம்.

இனி அந்த இரவு. எங்கள் இரண்டு சேசிஸும் வெவ்வேறு டொமைன். பிளேடைச் செருகி, புது சேசிஸில் ப்ரொஃபைலைக் கையால் உருவாக்கினேன். மேக் எண்களை விர்ச்சுவல் கனெக்டே தன் கையிருப்பிலிருந்து கொடுத்தது. டிஎச்சிபியில் புது எண்ணைப் பதிந்தேன். சர்வர் எழுந்தது. பதில் வருகிறதா என்று பிங் அடித்தேன்: ஐந்து பதில், பிறகு மௌனம், மறுபடி மூன்று பதில், மறுபடி மௌனம். கேபிள், மாட்யூல், விலான் (நெட்வொர்க்கின் உட்பிரிவு) எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றிலும் குறை இல்லை. இரண்டு மணிக்கு நெட்வொர்க் பிரிவிலிருந்து போன்: "தம்பி, ஒரே மேக் ரெண்டு அப்லிங்க்ல மாறி மாறித் தெரியுதுப்பா. பழைய சேசிஸ்ல வேற ஏதாவது ஓடுதா?"

ஓடிக்கொண்டிருந்தது. அப்லிங்க் என்பது சேசிஸிலிருந்து மேலே இருக்கும் சுவிட்சுக்குப் போகும் இணைப்பு. இரண்டு சேசிஸையும் அமைத்தபோது மேக் கையிருப்புப் பட்டியலில் முதல் தொகுதியையே இரண்டுக்கும் தேர்ந்தெடுத்திருந்தோம். ஆகவே புது சேசிஸில் உருவான முதல் ப்ரொஃபைலும், பழைய சேசிஸில் என்றோ உருவான முதல் ப்ரொஃபைலும் ஒரே எண்ணைச் சுமந்தன. பழையது சம்பளக் கணக்கு சர்வருடையது. கடைசியாக யார் ஒரு ஃபிரேம் (தரவுத் துண்டு) அனுப்பினாரோ அவர் பக்கம்தான் அந்த முகவரி இருக்கிறது என்று மேலே இருந்த சுவிட்ச் நம்பியது. எங்கள் சர்வர் பேசினால் அங்கே சம்பளக் கணக்கு சர்வர் வாய் மூடிப்போகும், அது பேசினால் எங்களுடையது. ஸ்டோரேஜ் பக்கமும் இப்படி இரண்டு பேர் ஒரே பெயரில் ஒரே டிஸ்க்கில் எழுதியிருந்தால் ஃபைல் சிஸ்டமே சிதைந்திருக்கும். எங்கள் பூட் டிஸ்க் பிளேடிலேயே இருந்ததால் அந்த அளவுக்குப் போகவில்லை.

எங்கள் சர்வரை நிறுத்தி, ப்ரொஃபைலை அழித்து, தொகுதியை மாற்றி, புதிதாக உருவாக்கினேன். எண் மாறியதும் லினக்ஸ் மறுபடி முரண்டு பிடித்தது. அந்தக் காலத்து லினக்ஸ் எந்த மேக் எந்தப் பெயர் என்று ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். புது எண்ணைப் பார்த்ததும் இது வேறு கார்டு என்று நினைத்து, ஈத்0 என்ற பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு ஈத்4 என்று பேர் வைத்தது. அமைப்பெல்லாம் ஈத்0-வுக்குத்தான் எழுதியிருந்தது. அந்த ஃபைலில் பழைய வரிகளை நீக்கி ரீபூட் செய்தபோது மணி நான்கரை.

பழைய சேசிஸில் காலியான இடம் இன்னும் திறந்தே கிடந்தது. காற்று சுலபமான வழியைத்தான் தேடும். ஓர் ஓட்டை இருந்தால் குளிர்ந்த காற்று சர்வர்களுக்குள் போகாமல் அதன் வழியே ஓடிவிடும், பக்கத்து பிளேடுகள் சூடாகும். ஃபேன்கள் அதற்காக வேகமெடுத்து இரைந்துகொண்டிருந்தன. மூடித் தகட்டை எடுத்துச் செருகினேன். சிறிது நேரத்தில் இரைச்சல் படிப்படியாகத் தணிந்தது.